மூன்று நோட்டுகள்: என்னைப் பற்றிப் பலருக்குத் தெரியாதவை

காலையில் காபி உள்ளே போகாமல் நான் வாயைத் திறக்கமாட்டேன் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் தெரியும். என் அலமாரியில் மூன்று லாங் சைஸ் நோட்டுகள் இருப்பது வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. ஒன்றில் மழை, ஒன்றில் மேட்டூர், இன்னொன்றில் கோலம். ஒரு விஷயத்தை அளந்து, எண்ணி, எழுதிவைத்தால்தான் அது எனக்குப் பிடிபடும். அரசலாற்றுக் கரையில் இருந்துகொண்டு தண்ணீரை அளக்காமல் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மூன்று நோட்டிலும் என்ன எழுதுகிறேன், எப்படி அளக்கிறேன் என்பதை இங்கே முழுசாக எழுதிவைக்கிறேன். யாராவது ஒருவர் வீட்டுக் கொல்லையில் ஒரு மழைமானி வைத்தாலும் எனக்கு நிரம்பச் சந்தோஷம்.

மழை நோட்டிலிருந்து தொடங்குகிறேன். "நேத்து ராத்திரி செம மழை" என்று ஒருவர் சொல்வார், பக்கத்துத் தெருக்காரர் "எங்க பக்கம் அவ்வளவா இல்லையே" என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கும். எண் இருந்தால்தான் பேச்சு நிற்கும். 1 மி.மீ. மழை என்றால், பெய்த தண்ணீர் ஓடாமல், ஊறாமல் அப்படியே நின்றால் தரையில் 1 மி.மீ. உயரம் நிற்கும் என்று அர்த்தம். ஒரு சதுர மீட்டரில் அது சரியாக 1 லிட்டர். மழைமானியின் கணக்கு மொத்தமும் இவ்வளவுதான். வாயின் பரப்பு தெரிந்தால், பிடித்த தண்ணீரை மில்லியில் அளந்து மழையைச் சொல்லிவிடலாம்.

மழைமானி என்பது ஒரு கேன், அதன் மேல் ஒரு புனல், புனலின் மேல் ஒரு பிவிசி குழாய் வளையம், அவ்வளவுதான். வளையத்தின் திறப்புதான் வாய், அது வட்டமாக இருக்கட்டும். உள்விட்டத்தை செ.மீ.யில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, 0.785-ஆல் பெருக்கினால் பரப்பு வரும். 15 செ.மீ. விட்டம் என்றால் 176.6 சதுர செ.மீ. அதைப் பத்தால் வகுத்தால் 17.7. இந்த வாய்க்கு 17.7 மில்லி தண்ணீர் சேர்ந்தால் 1 மி.மீ. மழை. விட்டம் 11.3 செ.மீ. கிடைத்தால் யோகம்தான். பரப்பு 100 சதுர செ.மீ.க்கு ஒட்டி வரும், 10 மில்லிக்கு 1 மி.மீ. என்று மனக்கணக்காகவே போட்டுவிடலாம். புட்டியின் மேல் எழுதியிருக்கும் அளவை நம்பாதீர்கள், குழாய்க் கடைக்காரர் சொல்லும் "ஆறு அங்குலம்" என்பதையும் நம்பாதீர்கள். பிவிசி குழாயில் பெயருக்குச் சொல்லும் அளவு வேறு, உள்விட்டம் வேறு. ஸ்கேலை வைத்து மூன்று திசையில் அளந்து சராசரி எடுங்கள்.

வெறும் புனலை மட்டும் வைத்தால் கனமழையில் துளிகள் சரிவில் பட்டு வெளியே தெறிக்கும், அளவு குறையும். அதனால் புனலுக்கு மேல் 7, 8 செ.மீ. உயரமுள்ள ஒரு குழாய் வளையத்தை ஒட்டவேண்டும். ஒட்டிய பிறகு வளையத்தின் உள்விட்டம்தான் கணக்குக்கு. வளையத்தின் மேல்விளிம்பை வெளிப்பக்கமாகச் சரிவாக அரம் போட்டுச் சீவிவிடுங்கள். தடித்த விளிம்பில் விழும் துளி உள்ளே போனதா வெளியே போனதா என்று சொல்லமுடியாது. கீழே சேகரிக்க 5 லிட்டர் கேன். 2 லிட்டர் பாட்டில் வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. 15 செ.மீ. வாயில் 200 மி.மீ. மழை பெய்தால் மூன்றரை லிட்டர் சேரும். கார்த்திகைப் புயல் ஒன்று கரையைக் கடக்கும் ராத்திரியில், எந்த அளவு ரொம்ப முக்கியமோ அந்த அளவுதான் பாட்டில் வழிந்து போயே போய்விடும்.

வைக்கும் இடத்தில்தான் பாதி வெற்றி. வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கவேண்டும், வானிலைத் துறையின் மழைமானிக்கும் இதுதான் உயரம். இன்னும் தாழ்ந்தால் தரையில் பட்டுத் தெறிக்கும் தண்ணீர் உள்ளே வரும். இன்னும் உயர்ந்தால் காற்று துளிகளைத் தள்ளிக்கொண்டு போகும். மொட்டைமாடி சௌகரியமாகத் தெரியும், ஆனால் கைப்பிடிச் சுவரில் மோதி எழும்பும் காற்று வாய்க்கு மேலேயே மழையை விலக்கிவிடும். மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதைப் போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். நம் ஊர்க் கொல்லையில் தென்னை இல்லாத இடம் கிடைப்பது கஷ்டம்தான். கிடைக்காவிட்டால் களத்துமேடு, இல்லையென்றால் கோயில் திடல் ஓரம். கேனை ஒரு வாளிக்குள் வைத்து, சுற்றி மணல் போட்டு இறுக்கினால் காற்றில் சாயாது. வாளியின் விளிம்பு வளையத்தை விடத் தாழ்ந்திருக்கவேண்டும். வளையம் மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

வேப்பிலையும் முருங்கை இலையும்தான் புனலின் எதிரிகள். அதற்காக வாயின் மேலேயே வலை கட்டக்கூடாது, துளி வலையில் பட்டுச் சிதறும். புனலின் கழுத்துக்குள் ஒரு சிறு ஸ்டீல் வலைத் துண்டைச் சுருட்டிச் செருகினால் போதும். கொசுவும் உள்ளே போகாது.

படிக்கும் நேரம் காலை 8.30. வானிலைத் துறை 24 மணி நேர மழையை இந்த நேரத்துக்குத்தான் கணக்கெடுக்கிறது, நாமும் அதே நேரத்தில் எடுத்தால்தான் அவர்கள் எண்ணோடு வைத்துப் பார்க்கமுடியும். முந்தின நாள் மத்தியானம் பெய்ததும் இன்றைய தேதியில்தான் ஏறும். இதைக் குழப்பிக்கொண்டால் நோட்டு முழுக்க ஒரு நாள் தள்ளிப்போகும். 100 மில்லி அளவுக் குடுவை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். குடுவையை மட்டமான பலகையில் வைத்து, குனிந்து, தண்ணீர் மட்டத்துக்கு நேராகக் கண்ணைக் கொண்டுவாருங்கள். கண்ணாடியை ஒட்டித் தண்ணீர் கொஞ்சம் மேலேறி, நடுவில் குழிந்து நிற்கும். அந்தக் குழிவின் அடிதான் அளவு. நின்றபடி மேலிருந்து பார்த்தால் ஒன்றிரண்டு மில்லி கூடுதலாகத் தெரியும். கேனில் நிறைய இருந்தால் ஒவ்வொரு குடுவைக்கும் நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் கொட்டவேண்டும். எத்தனையாவது குடுவை என்பதை மனசில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் எட்டாவதோ ஒன்பதாவதோ சந்தேகம் வந்துவிடும், கொட்டிய தண்ணீர் திரும்பி வராது.

மழை இல்லாத நாளிலும் 0 என்று எழுதவேண்டும். வெற்றுக் கட்டம் என்றால் மழை இல்லையா, பார்க்க மறந்ததா என்று ஆறு மாதம் கழித்துத் தெரியாது. அளக்கமுடியாத அளவு சிறுதூறலுக்கு "தூ" என்று எழுதுகிறேன். 2.5 மி.மீ. வந்தால்தான் அது "மழை நாள்". 64.5 மி.மீ.யிலிருந்து கனமழை, 115.6-லிருந்து மிகக் கனமழை, 204.5-ஐத் தொட்டால் அதி கனமழை. செய்தியில் "12 செ.மீ. மழை" என்பார்கள், அது 120 மி.மீ. என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இனி மேட்டூர் நோட்டு. தினமும் காலை 8 மணி நிலவரம் வரும். அதிலிருந்து நான்கு எண்: நீர்மட்டம் அடியில், இருப்பு டி.எம்.சி.யில், நீர்வரத்து, வெளியேற்றம். டெல்டாவில் இந்த எண்ணைக் கேட்காத டீக்கடை கிடையாது. ஆனால் நீர்மட்டத்தை மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடுகிறோம், அதுதான் எனக்கு ஆற்றாமை. அணையின் முழுக் கொள்ளளவு 120 அடியில் 93.47 டி.எம்.சி. 100 அடியில் இருப்பு ஏறத்தாழ 65. மேலே இருக்கும் 20 அடியில் மட்டும் 28 டி.எம்.சி.க்கு மேல் இருக்கிறது, அடிக்குச் சராசரி 1.4. கீழே போகப் போக அணை குறுகும், ஓர் அடிக்குள் அடங்கும் தண்ணீரும் குறையும். அதனால் 118-லிருந்து 117-க்கு இறங்குவதும் 60-லிருந்து 59-க்கு இறங்குவதும் ஒன்றல்ல. பார்க்கவேண்டியது டி.எம்.சி.யை.

இன்னொரு குழப்பம். "20,000 கன அடி திறப்பு" என்று போடுவார்கள், அதில் "வினாடிக்கு" என்ற சொல் விழுந்துவிடும். அது ஓட்டத்தின் வேகம். டி.எம்.சி. என்பது நிற்கும் தண்ணீர், 100 கோடி கன அடி. ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போக ஒரே ஓர் எண் போதும்: 11,574. வினாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டி.எம்.சி. வரத்து 20,000, வெளியேற்றம் 12,000 என்றால் மிச்சம் 8,000. அதை 11,574-ஆல் வகுத்தால் 0.69. நாளைக் காலை இருப்பு ஏறத்தாழ அவ்வளவு கூடியிருக்கவேண்டும். தினமும் இதைப் போட்டுப் பார்க்கிறேன். கச்சிதமாகப் பொருந்தாது. காலை 8 மணிக்கு வந்துகொண்டிருந்த வரத்து நாள் முழுக்க அப்படியே இருந்திருக்காது. வெயில் குடித்தது ஒரு பக்கம். கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்களில் விட்டதைச் சில நாள் தனியாகக் கொடுப்பார்கள், அதைக் கூட்ட மறந்திருப்போம். வித்தியாசம் தொடர்ந்து ஒரே பக்கமாக வந்தால் நான் எதையோ விட்டுவிட்டேன் என்று அர்த்தம்.

திறக்கும் நாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28. தண்ணீர் இருந்தால்தான் அந்தத் தேதி நிற்கும். 2022-ல் முன்கூட்டியே மே 24-ல் திறந்தார்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர ஏறத்தாழ மூன்று நாள். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. கடைமடை வாய்க்காலில் ஈரம் பட இன்னும் ஒரு வாரம் போல ஆகும், காய்ந்து கிடந்த மணல் முதலில் தன் பங்கைக் குடித்துவிட்டுத்தான் விடும்.

இந்த இரண்டு நோட்டையும் சேர்த்துக் கட்டுவது நம்ம ஊர் நில அளவு. இதை எழுதத்தான் இந்தப் பதிவையே தொடங்கினேன். தஞ்சாவூர்ப் பக்கத்துக் குழி 12 அடிக்கு 12 அடி, 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஒரு மா என்றால் 14,400 சதுர அடி, 33 சென்ட். ஒரு வேலி 6 ஏக்கர் 61 சென்ட். "மூணு மா ஒரு ஏக்கர்" என்பது வாய்க்கணக்கு, சரியாகச் சொன்னால் 3.025 மா. (வேறு மாவட்டத்தில் குழிக்கு வேறு அளவு இருக்கும். வடக்கே காணி என்றால் 1.32 ஏக்கர். பத்திரம் படிக்கும்போது எந்த ஊர்க் கணக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.) மா என்பதே பழைய பின்னக் கணக்கில் இருபதில் ஒன்று. வேலியில் இருபதில் ஒன்று மா என்று நிலத்துக்கும் அதே பெயர் நின்றுவிட்டது.

இப்போது வினாடிக்கு 1 கன அடி ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு 86,400 வினாடி, ஆக 86,400 கன அடி. அதை ஒரு மாவின் 14,400 சதுர அடியால் வகுங்கள். சரியாக 6. மிச்சம் கிடையாது, புள்ளிக்குப் பின்னால் எதுவும் கிடையாது. ஒரு கன அடி ஓட்டம் ஒரு நாளில் ஒரு மாவில் 6 அடி உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தும். நடவுக்கு நமக்கு 6 அடி வேண்டாம், 2 அங்குலம் நின்றால் போதும். 6 அடி என்பது 72 அங்குலம், அதனால் அதே தண்ணீர் 36 மாவுக்கு 2 அங்குலம் கட்டும். 36 மா என்றால் 1.8 வேலி.

அதே 2 அங்குலம் மழையாக வந்தால் 50.8 மி.மீ. 15 செ.மீ. வாய் உள்ள என் கேனில் 900 மில்லி. ஆக, காலையில் குடுவையில் ஒன்பது முறை 100 மில்லி ஊற்றிக் கோடு போட்டேன் என்றால், அந்த மழை பெய்த ஒவ்வொரு 36 மாவுக்கும் வானம் ஒரு கன அடி ஓட்டத்தை ஒரு நாளுக்கு இலவசமாகத் திறந்துவிட்டது என்று பொருள். லிட்டரில் வேண்டுமானால், 1 மி.மீ. மழை ஒரு மாவில் 1,338 லிட்டர். மேட்டூரில் வினாடிக்கு 12,000 கன அடி திறந்தால், வழியில் ஒரு சொட்டும் வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 21,600 வேலிக்கு 2 அங்குலம். ஆற்று மணலும் உடைந்த மதகும் செடி மண்டிய வாய்க்காலும் இதில் நிறையத் தின்றுவிடும், ஆகவே இது மேல்வரம்பு. ஆனால் மேல்வரம்பு தெரியாமல் முறைப்பாசனம் பற்றி எப்படிப் பேசுவது?

காபிக்கு ஒரே ஒரு பத்தி. பொடியைக் கரண்டியால் அளக்கமாட்டேன், நிறுப்பேன். 25 கிராம் பொடி, அதில் 5 கிராம் சிக்கரி, 150 மில்லி தண்ணீர். கொதித்து அடங்கிய தண்ணீரை நடுவிலிருந்து வட்டமாக விடவேண்டும். பொடி தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதனால் டிகாஷன் 100 மில்லிதான் இறங்கும். இறங்காமல் நின்றால் பொடி ரொம்ப நைசு, இல்லையென்றால் குடைத்தட்டை அழுத்திவிட்டீர்கள், அதுவும் இல்லையென்றால் ஓட்டை அடைத்திருக்கிறது. எவர்சில்வர் மேல்பாத்திரத்தை அடுப்புத் தீயில் ஒரு நிமிஷம் காட்டித் தட்டினால் கருகின தூள் உதிர்ந்துவிடும். பித்தளை ஃபில்டர் என்றால் தீயில் காட்டாதீர்கள், ஈயப்பூச்சு உருகிவிடும். புளியும் ஊசியும் போதும்.

மூன்றாவது நோட்டு கோலம். நான் வரைவதை விட எண்ணுவது அதிகம். மார்கழி விடியலில் தெருவில் நடந்தால் ஒவ்வொரு வாசலிலும் நின்று புள்ளி எண்ணுவேன். இடைப்புள்ளியில் (ஒரு வரிசையின் இரண்டு புள்ளிக்கு நடுவில் அடுத்த வரிசைப் புள்ளி) 15-லிருந்து 8 வரை வைத்தால் நடுவில் 15, மேலும் கீழும் 14, 13 என்று இறங்கி 8 வரை. மொத்தம் 169. நேர்புள்ளியில் (புள்ளிக்கு நேர் கீழே புள்ளி) 13-க்கு 13 வைத்தாலும் 169. உருவம் வேறு, புள்ளி ஒன்றே.

எனக்குப் பித்துப் பிடிக்கவைப்பது சிக்குக் கோலம், புள்ளிகளைச் சுற்றிக் கோடு வளைந்து வளைந்து போகும் கோலம். நேர்புள்ளி வைத்து, ஒவ்வொரு அடுத்தடுத்த புள்ளிகளுக்கும் நடுவில் கோடு வெட்டிக்கொள்ளும்படி, ஓரத்தில் மட்டும் வளைத்துத் திருப்பி இழுத்தால், கோலம் ஒரே இழையில் முடியுமா? வரைவதற்கு முன்னாலேயே சொல்லிவிடலாம். நீளப் புள்ளி, அகலப் புள்ளி இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ, அத்தனை இழை. 3-க்கு 4 என்றால் 1, ஒரே இழை. 4-க்கு 6 என்றால் 2. 5-க்கு 5 என்றால் 5 தனித்தனி இழை. சதுரக் கோலம் இப்படி இழுத்தால் 1-க்கு 1 தவிர ஒருபோதும் ஒரே இழையில் முடியாது.

அப்படியானால் வாசலில் சதுரக் கோலத்தை ஒரே இழையில் எப்படி முடிக்கிறார்கள்? சில இடங்களில் கோடுகளை வெட்டவிடாமல், இரண்டையும் முட்டி விலகவைக்கிறார்கள். இரண்டு வேறு இழைகள் வெட்டும் இடத்தில் அப்படி விலக்கினால் இரண்டும் சேர்ந்து ஒன்றாகும். ஆக 5-க்கு 5-ஐ ஒன்றாக்கக் குறைந்தது 4 இடத்தில் விலக்கவேண்டும். 3-க்கு 3-ல் இரண்டு இடம் போதும், ஆனால் எந்த இரண்டு என்பதில்தான் எல்லோரும் தடுக்கிவிழுகிறார்கள். கீழ் இடது மூலைக்கும் கீழ் நடுப்புள்ளிக்கும் இடையே ஒன்று, அழகுக்காக அதற்கு நேர் எதிரே மேல் வலது பக்கம் ஒன்று என்று விலக்கினால் ஒன்றாகவே ஆகாது. இரண்டு இடத்திலும் அதே இரண்டு இழைகள்தான் வெட்டுகின்றன, மூன்றாவது இழை தனியாகவே கிடக்கும். அதற்குப் பதிலாகக் கீழ் வரிசையிலேயே நடுப்புள்ளிக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று விலக்குங்கள். மூன்றும் சேர்ந்து ஒரே இழையாகிவிடும். நம்பமுடியாவிட்டால் காகிதத்தில் 9 புள்ளி வைத்து, முதலில் விலக்காமல் இழுத்து, மூன்று இழைக்கும் மூன்று நிறம் கொடுத்துப் பாருங்கள். எந்தச் சந்திப்பில் எந்த இரண்டு நிறம் வெட்டுகிறது என்பது பளிச்சென்று தெரியும். நோட்டில் நானும் அப்படித்தான் வரைந்துவைக்கிறேன்: சிவப்பு, பச்சை, நீலம், விலக்கவேண்டிய இடத்தில் ஒரு சிறு பெருக்கல் குறி.

இழைக்கோலத்துக்குக் கல்மாவு வேண்டாம். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, மை போல அரைத்து, மோர்ப் பதத்துக்குக் கரைத்து, சிறு துணித்துண்டை அதில் நனைத்துக் கைக்குள் வைத்துப் பிழிந்தால் மோதிர விரல் வழியாக ஒரே தடிமனில் இறங்கும். கரைசல் தண்ணியாக இருந்தால் கோடு பரவும், கெட்டியாக இருந்தால் விட்டுவிட்டு விழும். ஈரத் தரையில் போட்டால் முதலில் கண்ணுக்கே தெரியாது, காய்ந்தபிறகு வெளுத்து எழும்பும். அதனால் எங்கே விலக்கினோம் என்பதைக் கை நினைவில் வைத்திருக்கவேண்டும்.

மழைமானி வைக்க நினைக்கிறவர்களுக்கு இன்னும் ஒன்று. புரட்டாசி கடைசியில் கேனை எடுத்துக் கழுவி, வளையம் ஒட்டிய இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள், வெயிலில் பிளாஸ்டிக் நொறுங்கியிருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரை வளையத்துக்குள் மெல்ல ஊற்றி, கேனிலிருந்து குடுவையில் திரும்ப அளங்கள். 990 மில்லிக்குக் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஐப்பசி முதல் மழைக்கு முன்னால் அதைக் கண்டுபிடித்து அடைத்துவிடவேண்டும்.